ஊரடங்குக் காலத்து உயர்கல்வி: இலங்கைப் பல்கலைக்கழகங்கள் இணையவழிச் சென்ற வரலாறு

சொல்வாரும் கேட்பாரும் ஓரிடத்துக் கூடியிருத்தல் வேண்டுமென்பது கல்வி பற்றி நம் முன்னோர் ஐயமின்றிக் கொண்ட கொள்கையாகும். பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்திலே ஆசிரியனது இயல்பு, பாடஞ் சொல்லும் முறை, மாணாக்கனது இயல்பு, பாடங் கேட்கும் முறை என்பவற்றைத் தனித்தனி வகுத்துரைத்தார். கேட்கும் முறையைக் கூறுமிடத்து, மாணாக்கன் ஆசிரியன் முன்னிலையில் எவ்வாறு இருத்தல் வேண்டுமென்பதும் விதிக்கப்பட்டது. முன்னிலை இல்லாத கேள்வியை அவர் கருதினாரல்லர். குருகுலமும், மடமும், திண்ணைப் பள்ளிக்கூடமும், பின்வந்த கல்லூரியும் பல்கலைக்கழகமும் இவ்வொரு கொள்கையின் மேலேயே எழுந்து நின்றன.

2020 ஆம் ஆண்டிலே கொவிட் பெருந்தொற்று இக்கொள்கையைச் சில வாரங்களுள் நிலைகுலையச் செய்தது. உலகெங்கணும் வகுப்பறைகள் பூட்டப்பட்டன. செல்வ நாடுகளிற் கணினியும் இணைப்பும் வீடுதோறும் இருந்தமையாற் கற்பித்தலை இணையவழிப்படுத்தல் ஓரளவிற்கு எளிதாயிற்று. வளர்முக நாடொன்றிலே அது எவ்வாறு இயன்றது? எத்துணை இயன்றது? எது இயலாது போயிற்று? இவ்வினாக்களை இலங்கையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அதற்கு 2020 ஆம் ஆண்டிலிருந்து தொடங்குதல் போதாது. நூறாண்டு பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

இடத்தோடு பிணைந்த கல்வி

1921 ஆம் ஆண்டிலே கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பெற்றது. அங்குப் பயின்றோர் இலண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்கே தோற்றினர். நமக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டுமென்ற இயக்கம் வலுத்தபோது, அதனை எங்கே நிறுவுவது என்ற வினா பெரும் போராகவே மூண்டது. கொழும்பென்பாரும் கண்டியென்பாருமாக அறிஞர் இருபிரிவாயினர். 1920 களிலும் 1930 களிலும் நிகழ்ந்த இவ்வாதத்தை வெறும் நிலத்தகராறு எனக் கொள்ளலாகாது. மாணவர் வீட்டிலிருந்து வந்து விரிவுரை கேட்டு மீளும் கல்வி வேண்டுமா, ஆசிரியரோடும் தம்மோடொத்தாரோடும் ஓரிடத்தே உறைந்து பெறும் கல்வி வேண்டுமா என்பதே அதன் உட்பொருள்.

உறையுட் கல்வி வென்றது. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. சேர் ஐவர் யெனிங்ஸ் அதன் முதலாவது துணைவேந்தரானார். 1952 இல் அது பேராதனைக்குப் பெயர்ந்தது. மகாவலிக் கரையில் மலைகளினிடையே எழுந்த விடுதிகள் விரிவுரை மண்டபங்களுக்கு நிகரான கல்விக்கூடங்களாகவே கருதப்பட்டன.

இதே காலத்திலே பிறிதொரு மாற்றமும் நிகழ்ந்தது. கல்வி மந்திரியாயிருந்த சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கராவின் முயற்சியினால் 1945 ஆம் ஆண்டு தொடக்கம் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பல்கலைக்கழகக் கல்வியும் அதனுள் அடங்கிற்று. இலவசக் கல்வி என்னுஞ் சொல்லுக்குக் கட்டணமின்மை என்றே பலரும் பொருள் கொள்வர். அப்பொருள் குறைபாடுடையது. குக்கிராமத்துக் குடியானவன் மகன் விடுதியிற் சேர்ந்தபோது அவனுக்குக் கிடைத்தவை யாவை? ஒரு கட்டில், ஒரு மேசை, இரவு முழுதும் எரியும் விளக்கு, நடந்து செல்லுந் தூரத்தே நூலகம், தன்னைப் போலவே படிக்கும் தோழர், வீட்டு வேலைக்கு எவரும் அழையாத அமைதி. இவை அவன் வீட்டிற் கிடையாதவை. மருத்துவனின் மகனும் கூலியாளின் மகனும் ஒரே விளக்கொளியில் ஒரே நூலைப் படித்தனர். கட்டணத்தை நீக்கியதோடு நில்லாது இருப்பிடத்தையும் ஒப்பாக்கியமையாலேயே இலவசக் கல்வி சமத்துவக் கல்வியாயிற்று. இவ்வுண்மை 75 ஆண்டுகளாக நம் கண்முன் இருந்தும் கருத்திற் படவில்லை; பெருந்தொற்று வந்து விடுதிகளைப் பூட்டியபோதே புலனாயிற்று.

கதவடைத்த காலங்கள்

பல்கலைக்கழகக் கதவுகள் அடைபட்டமை இந்நாட்டுக்குப் புதிதன்று. 1971 ஏப்பிரலிலே இளைஞர் கிளர்ச்சி வெடித்தபோது கல்வி தடைப்பட்டது. வித்தியோதய, வித்தியாலங்காரப் பல்கலைக்கழகங்கள் தடுப்பு முகாம்களாயும் பயன்பட்டன. 1987 க்கும் 1990 க்கும் இடையே தென்னிலங்கைப் பல்கலைக்கழகங்கள் நீண்ட காலம் மூடுண்டு கிடந்தன. அனுமதி பெற்றோர் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தனர்.

வடக்கின் வரலாறு இதனினுந் துயரமானது. சேர் பொன். இராமநாதன் 1921 இல் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் திருநெல்வேலி வளவிலே 1974 இல் யாழ்ப்பாண வளாகம் தோன்றி, 1979 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி தொடங்கிய பேரிடப்பெயர்விலே வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டு அகன்றபோது, ஆசிரியரும் மாணவரும் அவர்களோடு தென்மராட்சிக்கும் வன்னிக்கும் சிதறினர். மக்கள் மீண்ட பின்னர், 1996 இலேயே கல்விப் பணிகள் மீளத் தொடங்கின.

இம்மூன்று காலங்களுக்கும் பொதுவான இயல்பொன்றுண்டு. கதவு அடைபட்டது, அக்கணமே கல்வியும் நின்றது. இடமே கல்வியாயிருந்தமையால் இடம் போனபோது யாவும் போயின. 2020 இலே கதவு அடைபட்டது, கல்வி நிற்கவில்லை. இம்மாற்றத்திற்கு அடிகோலியவை எவை என்பதே அடுத்து நோக்கற்பாலது.

தொலைவிலிருந்து கற்றோர்

இருந்தவிடத்திலிருந்து பட்டம் பெறும் வழி நம்மவர்க்கு நெடுங்காலமாகத் தெரிந்ததே. இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைக்குப் பகலிற் படிப்பித்தும் இரவிற் படித்தும் ஆயத்தஞ்செய்த யாழ்ப்பாணத்து ஆசிரியர் பலர். தபாலில் வந்த பாடக் குறிப்புக்களே அவர்களுக்குப் பேராசிரியர். பிற்காலத்தில் 1980 ஆம் ஆண்டிலே இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் நிறுவப்பெற்று, அச்சிட்ட பாடங்களாலும் பிரதேச நிலையங்களாலும் தொலைக் கல்வியை முறைப்படுத்திற்று. எனினும், தொலைக் கல்வி தொழில் புரிவோர்க்குரியது, உள்வாரிக் கல்வியே முதன்மையானது என்ற எண்ணம் மாறவில்லை.

இதற்கிடையே எவரும் பெரிதாகக் கவனியாத ஒரு பணி மொறட்டுவையிலே தொடங்கிற்று. 1980 களின் இறுதியில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக் கணினிப் பேராசிரியர் அபய இந்துருவ, நாட்டின் பல்கலைக்கழகங்களைக் கணினி வலையாற் பிணைக்குந் திட்டமொன்றை முன்வைத்தார். அதுவே இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களால் அதனை லேர்ன் என்பர். 1990 இலே தொலைபேசித் தொடர்பின் வழியாக மின்னஞ்சல் அனுப்பும் வசதியை அது பல்கலைக்கழகங்களுக்கு அளித்தது. வணிக நிறுவனங்கள் இலங்கையில் இணைய சேவையை விற்கத் தொடங்கியது 1995 இலேயே என்பதை நோக்கின் இதன் முதன்மை விளங்கும். பின்னர் மொறட்டுவை, கொழும்பு, திறந்த பல்கலைக்கழகம் ஆகியன நிரந்தர இணைப்பாற் பிணைக்கப்பட்டன. காலப்போக்கில் ஏனையனவுஞ் சேர்ந்தன. இஃது இலாபங் கருதிய நிறுவனமன்று; பல்கலைக்கழகங்கள் தமக்காகத் தாமே பேணும் கூட்டுறவாகும்.

2003 இலே ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் தொலைக் கல்வி நவீனமயமாக்கற் செயற்றிட்டம் தொடங்கப்பெற்று, நாட்டின் பல பாகங்களிலும் இணையவழிக் கற்றல் நிலையங்கள் அமைந்தன. மாட்டின் டூகியாமசு என்னும் அவுத்திரேலியர் 2002 இல் வெளியிட்ட மூடில் என்னும் மென்பொருள், எவருங் கட்டணமின்றிப் பயன்படுத்தத்தக்கதாய் இருந்தமையால், நம் பல்கலைக்கழகங்களிலும் இடம்பெற்றது. பாடக் குறிப்புக்களை அதிலே பதிவு செய்தோரும் இருந்தனர். ஒருநாளேனும் திறந்து பாராதோரும் இருந்தனர். வாய்க்கால் வெட்டப்பட்டிருந்தது, வெள்ளம் வரவில்லை.

2020 மார்ச்சு

2020 சனவரி இறுதியிற் சீனப் பயணியொருவரிடத்தே இந்நோய் இலங்கையில் முதன்முறை காணப்பட்டது. மார்ச்சு நடுப்பகுதியிலே உள்நாட்டவரிடையுந் தோன்றிற்று. 12 ஆந் திகதி பாடசாலைகளை மூடும் அறிவித்தல் வந்தது. அடுத்த சில நாள்களுள் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டு, விடுதி மாணவர் ஊர் திரும்பினர். சின்னாளில் மீள்வோமென எண்ணிப் புத்தகங்களை விடுதியிலேயே விட்டுச் சென்றாரும் உளர். 20 ஆந் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது.

இந்நிலையிற் கற்பித்தலைத் தொடர்வதற்குப் பெருந்தடையாய் நின்றது இணைப்பின் விலையே. காட்சியோடு கூடிய விரிவுரை ஒன்றனை ஒரு மணி நேரங் கேட்பதற்குப் பல நூறு மெகாபைற்றுத் தரவு செலவாகும். நாளொன்றுக்கு மூன்று நான்கு விரிவுரைகள் எனின், ஊரடங்கினால் நாட்கூலி இழந்த குடும்பமொன்று அதனைத் தாங்குதல் எங்ஙனம்?

இத்தடையை இலங்கை கடந்த முறை போற்றத்தக்கது. பல்கலைக்கழகங்களின் வழங்கிக் கணினிகளை மாணவர் அணுகும்போது செலவாகுந் தரவுக்குப் பணம் அறவிடுவதில்லையென்று தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இசைந்தன. ஆனால் சூம் முதலிய காட்சி உரையாடற் செயலிகள் வெளிநாட்டுக் கணினிகளினூடாக இயங்குவன. அவ்வழி செல்லுந் தரவு இச்சலுகையுள் அடங்காது. லேர்ன் இதற்கொரு வழி கண்டது: சூம் வகுப்புக்களைத் தாங்குங் கணினிகளைத் தன் வலையமைப்பின் உள்ளேயே நிறுவிற்று. கிளிநொச்சியிலிருந்து விரிவுரையாளர் பேச, மாத்தறையில் மாணவி கேட்டாலும், அத்தொடர்பு பல்கலைக்கழக வலையினுள்ளேயே நிகழ்ந்ததாயிற்று. ஆதலின் அவளுக்குச் செலவில்லை. 1945 இன் கொள்கை 2020 இலே மின்கம்பியினூடு சென்றது எனலாம்.

சில வாரங்களுள், முன்னொருபோதும் கணினி முன் விரிவுரை நிகழ்த்தாத ஆசிரியர் ஆயிரக்கணக்கான வகுப்புக்களை நடத்தினர். அவ்வாண்டிலேயே ஆசிய அபிவிருத்தி வங்கி வெளியிட்ட ஆய்வொன்று, இலங்கைப் பல்கலைக்கழக மாணவருள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கினர் இணையவழிக் கல்வியிற் பங்குபற்றினர் எனக் கண்டது. வளர்முக நாடொன்றிற்கு இஃது அரிய பேறாகும். இப்பேறு அவ்வாண்டிற் கடைக்குச் சென்று வாங்கிய கருவியால் வந்ததன்று. 30 ஆண்டுகளாகச் சிலர் ஆரவாரமின்றிப் பேணிய ஒரு பொது நிறுவனத்தால் வந்தது. இடர் வந்தபின் வாய்க்கால் வெட்டத் தொடங்கியிருந்தால், வெட்டி முடியுமுன் ஓராண்டு கழிந்திருக்கும்.

வீடு வகுப்பறையானபோது

நிற்க. இலவசமாக்கப்பட்டது வழி மட்டுமே. அவ்வழி சென்று சேர்ந்த வீடுகள் ஒரு தன்மையனவல்ல.

பெருந்தொற்றுக்கு முந்திய ஆண்டிற் குடிசன மதிப்பீட்டுத் திணைக்களம் எடுத்த கணக்கின்படி, கணினியுடைய குடும்பங்கள் நாட்டில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கே. தோட்டப்புறங்களிலோ அது மிகமிகக் குறைவு. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றுப் பொதுக் கல்வியமைப்பிற் சேர்க்கத் தொடங்கியது 1970 களிலேயே என்பதை ஈண்டு நினைத்தல் தகும். 1945 இன் நன்மை லயத்து அறைகளை எட்டுவதற்கு ஒரு தலைமுறைக்கு மேலாயிற்று. அவ்வறைகளிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த முதற்றலைமுறை மாணவர், 2020 இல் மீண்டும் அவ்வறைகளுக்கே அனுப்பப்பட்டனர். பெற்றோரும் உடன்பிறந்தாரும் உறங்கும் ஒற்றை அறையிலே, கைத்தொலைபேசியின் சிறு திரையிற் பொறியியல் வரைபடத்தைக் காணுதல் எத்தகைய கல்வியாகும்?

அலைத்தொடர்பும் எங்கும் ஒருபடித்தாய் இருந்ததன்று. 2021 இலே போகிட்டியாவ என்னுஞ் சிற்றூரில், ஓர் ஆசிரியையும் பாடசாலைப் பிள்ளைகளும் பாடங்களைப் பெறுவதற்காகக் காட்டு வழி நடந்து பாறையுச்சிக்கு ஏறிய செய்தி உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நேர்ந்த இந்நிலை அத்தகைய ஊர்களினின்று வந்த பல்கலைக்கழக மாணவர்க்கும் நேர்ந்ததே. தரவு இலவசமாயினும், அலை எட்டாத ஊரில் அவ்விலவசத்தாற் பயனில்லை.

மாணவியர் நிலை தனித்து நோக்கற்பாலது. விடுதியில் இருக்கும் மாணவி மாணவியே. வீட்டில் இருக்கும் மாணவி மகளும் தமக்கையுமாவாள். அடுப்படியும், நோயுற்ற பாட்டியும், தம்பியின் பாடமும் அவளை அழைக்கும். வீட்டிலிருத்தல் ஓய்ந்திருத்தலே என்று கருதும் வழக்கமுடைய சமுதாயத்திலே, காதிற் கருவியை மாட்டிக்கொண்டு அசையாதிருக்கும் பெண் படித்துக் கொண்டிருக்கின்றாள் என்பதை எத்தனை வீடுகள் உணர்ந்தன?

பாடத்தின் இயல்பும் வேறுபாட்டை விளைத்தது. இலக்கியமும் வரலாறும் ஒருவாறு சொல்லிக் கேட்கத்தக்கவை. உடற்கூற்றறையும், இரசாயன ஆய்வுகூடமும், கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள விவசாய பீடத்தின் வயலும் திரையினுட் புகா. பிணிகாணும் முறையை நோயாளியின் படுக்கையருகேயன்றி எங்குக் கற்பது? செய்முறைப் பாடங்கள் பின்தள்ளப்பட்டன. பின்னர் அவை நெருக்கி நடத்தப்பட்டன. பரீட்சைகளுந் தாமதமாயின. 2020 நடுப்பகுதியில் மாணவர் கட்டங்கட்டமாக மீள அழைக்கப்பட்டனர். ஒக்டோபரில் இரண்டாம் அலையும், 2021 ஏப்பிரலில் மூன்றாம் அலையும் எழவே, மீண்டுந் திரைக்கே திரும்பினர். பல்கலைக்கழகம் புகுந்தும் அதன் வாயிலைக் காணாமலே முதலாண்டைக் கழித்த மாணவரும் இருந்தனர்.

ஆசிரியரும் ஒன்றை இழந்தனர். விளங்காமை மாணவன் முகத்திலே தோன்றும். அதனைக் கண்டு விளக்குபவனே நல்லாசிரியன். காட்சிக்கு அலைவலி போதாமையாலும், வீட்டைப் பிறர் காண நாணியமையாலும் மாணவர் தம் முகத்தை மறைத்தனர். கருங்கட்டங்களில் எழுதிய பெயர்களை நோக்கி விரிவுரையாளர் பேசினார். கேட்கின்றீர்களா என்று வினவினார். விடை வர நேரமாயிற்று.

இவ்வழியால் விளைந்த நன்மைகளை மறைத்தல் முறையன்று. பதிவு செய்த விரிவுரையைப் பன்முறை கேட்கலாம். அறிவியற் பீடங்களிற் கற்பித்தல் ஆங்கிலத்திலேயே நிகழ்வதால், தமிழிலும் சிங்களத்திலும் உயர்தரம் பயின்று வந்தோர்க்கு ஒருமுறை கேட்டல் போதாது. நிறுத்தி நிறுத்திக் கேட்டல் அவர்க்குப் பெருந்துணையாயிற்று. மண்டபத்தில் எழுந்து வினவ அஞ்சுவோர் எழுதி வினவினர். கடல்கடந்த அறிஞரும் ஊர்திச் செலவின்றி நம் மாணவர்க்கு உரையாற்றினர். தொலைக் கல்வியை இழிவாகக் கருதிய பழைய எண்ணமுந் தளர்ந்தது.

2022: இருளிற் கற்றல்

பெருந்தொற்று தணிந்து கதவுகள் திறந்த வேளையிலே பிறிதோர் இடர் வந்தது. அந்நியச் செலாவணி வற்றியமையால் 2022 இல் எரிபொருளும் மின்சாரமும் அருகின. மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரையும் மின் வெட்டப்பட்டது. ஏப்பிரல் 12 ஆந் திகதி வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நாடு நிறுத்திற்று. யூன் மாதத்தில் எரிபொருள் தீர்ந்து பேருந்துகள் ஓடா நிலையில், பல்கலைக்கழகங்களிற் கற்பித்தல் மீண்டும் இணையவழிக்குத் திருப்பப்பட்டது.

ஈராண்டுக்கு முன் அவ்வழியை நாடியமைக்கு நோயச்சம் காரணம். இம்முறை வறுமையே காரணம். ஊர்திச் செலவு மிச்சப்பட்டது உண்மையே. ஆனால் மின்சாரமில்லாத வீட்டிலே கைத்தொலைபேசி எத்தனை மணி நேரம் உயிரோடிருக்கும்? மின்வெட்டு நீண்டபோது அலைபரப்புங் கோபுரங்களும் செயலற்றன. அவற்றை இயக்க டீசலும் வேண்டுமன்றோ? இணையவழிக் கல்வி வானில் நிற்பதொன்றன்று; மின்னிலையம், எண்ணெய்க் கப்பல், அந்நியச் செலாவணி என்பவற்றின் மேலே நிற்பது. நோய்க்காலத்து மருந்தாயமைந்தது பஞ்சகாலத்து உணவாக அமையவில்லை.

முடிவுரை

இதுகாறுங் கூறியவற்றால் இரண்டு உண்மைகள் பெறப்படும். முதலாவது, பொதுநலங் கருதிய நிறுவனங்களை நாள்தோறும் பேணி வரும் நாடே இடர்க்காலத்தில் விரைந்து செயற்படும். 1990 இல் மின்னஞ்சல் அனுப்பிய சிறு வலை 2020 இலே பல்கலைக்கழகங்கள் அனைத்தையுந் தாங்கிற்று. அதனை அன்று அமைத்தோர் பெருந்தொற்றை எதிர்நோக்கினாரல்லர். பல்கலைக்கழகங்கள் ஒன்றோடொன்று பேசுதல் வேண்டுமென்று மட்டுமே கருதினர்.

இரண்டாவது உண்மை இன்னும் இன்றியமையாதது. இலவசக் கல்வியின் பாதி, கட்டணமின்மை, மறுபாதி, இடம். பெருந்தொற்றுக் காலத்தில் முற்பாதியை நாம் காத்தோம். பிற்பாதி வீடுகளின் ஏற்றத்தாழ்விலே கரைந்தது. இன்று விடுதிகள் கட்டுதற்குப் பொருளில்லையென்றும், இணையவழியிற் கற்பித்தாற் செலவு குறையுமென்றும் கூறுவாருளர். அக்கூற்றிலே ஒரு பகுதி உண்மையுமுண்டு. மண்டபத்திலே நூற்றுவர் வாளாவிருந்து கேட்கும் விரிவுரையைத் திரையிற் கேட்பதாற் கேடில்லை. ஆனால் விடுதியை நீக்கிவிட்டுத் திரையைத் தருவோர், எவரிடமிருந்து எதனை நீக்குகின்றனர் என்பதை உணர்தல் வேண்டும். நகரத்துச் செல்வர் மகனுக்கு வீட்டிலே தனியறையுண்டு. லயத்து மாணவிக்கு விடுதியே தனியறை.

ஆதலின் வருங்காலத்தில் இவ்விரு வழிகளையுங் கொள்ளுதல் வேண்டும். ஒன்றைக் காட்டி ஒன்றை ஒழித்தலாகாது. ஊர்தோறுமுள்ள பொதுநூலகங்களிலும் பாடசாலைகளிலும் மின்னும் இணைப்பும் அமைதியும் உள்ள அறையொன்று அமையின், அடுத்த இடர் வரும்போது மாணவர் பாறையேற வேண்டுவதில்லை. அடுத்த வாய்க்காலையும் வெள்ளம் வருமுன்னரே வெட்டுதல் அறிவுடைமையாகும். நன்னூலார் வேண்டிய முன்னிலையைத் திரை ஓரளவிற்கே தரும். எஞ்சியதைத் தருவது, மாணாக்கன் அமர்ந்து கற்பதற்கு ஓரிடமும் ஒரு விளக்கும் உண்டென்ற உறுதியே. அவ்வுறுதியை ஏழை மாணாக்கனுக்கு அளித்தலே 1945 இல் இந்நாடு செய்த வாக்கு.